பறவைநூல் வல்லார் டாக்டர் ஜெர்டன்

ஒரு பொருளை அறிதற்கு முதற்படி அதனைப் பிற பொருள்களினின்றும் பிரித்தறிதலாகும். பிரித்தறிந்ததனை நிலைநிறுத்துவது பெயர். பெயரில்லாத பொருளைப்பற்றி ஒருவர் மற்றொருவர்க்கு உரைத்தல் இயலாது. அஃது அழிந்து மறையினும் அழிந்ததென்று சொல்வாரும் இரார். ஆதலின், உயிர்களுக்குத் திருத்தமாகப் பெயரிட்டு அவற்றை இனம் இனமாக வகுத்துவைக்குந் தொழில், மேலோட்டமாக நோக்குவார்க்குச் சிறிதாகத் தோன்றினும், உயிர்நூல் அனைத்திற்கும் அடிப்படையாய் நிற்பது. அத்தொழிலில் தம் வாழ்நாளைச் செலவிட்டு, இந்நாட்டுப் பறவைகளை இந்நாட்டிலிருந்தே அறிந்துகொள்ளுமாறு வழி திறந்தவர் டாக்டர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் என்பார். அவருடைய வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்னும் பழம்பதி உளது. வைத்தியநாதசுவாமி கோயிலாலும் நந்தியெம்பெருமான் திருமண விழாவாலும் அவ்வூர் பலருக்கும் தெரிந்ததே. ஆற்றில் வெள்ளம் வடிந்து மணல்திட்டுக்கள் தோன்றும் நாட்களில் அக்கரையில் நின்று நோக்குவார்க்குக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் ஆள்காட்டியும் காட்சி தரும். வயற்பக்கம் திரும்பினால், பனையுச்சியில் நீலச் சிறகுடைய பனங்காடை அமர்ந்திருக்கும். புதரோரத்தில் காடை ஒன்று ஓடி மறையும். இவ்விரண்டனையும் காடை என்ற பெயராலேயே வழங்குகின்றோம். ஆயினும் பனங்காடை காடையினத்தைச் சார்ந்ததன்று. அது மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் உறவாகிய பறவை. புதரில் ஓடும் காடைகளுள்ளும் ஒருவகை பின்விரலின்றி மூன்றே விரல்களையுடையது. அதுவும் உண்மையில் காடையன்று. ஆகவே, உருவும் பெயரும் ஒத்திருத்தல் ஒன்றனையே கொண்டு உறவைத் துணிதல் பொருந்தாதென்பது தெளிவாகின்றது. எவை உறவு, எவை உறவல்ல என்று ஆராய்ந்து முடிவு செய்தலே பறவைகளை வகைப்படுத்தும் நூலாரின் வேலையாம்.

அவ்வேலை நடைபெறும் முறையை ஈண்டுச் சிறிது விளக்குதல் நலம். சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் பேரறிஞர் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூற்பதிப்பில், விலங்கு ஒவ்வொன்றுக்கும் இரு சொற்களாலான பெயரிடும் வழக்கத்தை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நம் பனங்காடையின் பெயர் இன்று கொரேசியாஸ் பெங்காலென்சிஸ் என்பது; அதன் இரண்டாஞ்சொல் அவர் இட்டது. திருமழபாடிப் பனையில் வாழும் பறவையும் வங்காளத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஒரு பறவைக்கு இருவர் இரு பெயரிட்டால் முன்னதாக அச்சேறிய பெயரே நிலைபெறும் என்னும் விதியை 1842ல் ஸ்டிரிக்லண்ட் என்பாரும் அவருடன் கூடிய அறிஞரும் வகுத்தனர். புதிதாகக் கண்ட பறவையின் தோலை உரித்து, பூச்சி தின்னாதபடி நச்சுமருந்து பூசி, பஞ்சடைத்து, பிடித்த இடமும் நாளும் ஆணோ பெண்ணோ என்பதும் எழுதிய சீட்டைக் காலிற் கட்டுவர். அலகு, சிறகு, வால், கணைக்கால் ஆகியவற்றை அளந்து, முன்னரே பெயர் பெற்ற பறவைகளோடு ஒப்பிட்டு நோக்குவர். வேற்றுமை உறுதிப்பட்டால் அதனை விவரித்து எழுதி வெளியிடுவர். எந்தத் தோலை வைத்து அவ்விவரம் எழுதப்பெற்றதோ, அதுவே அவ்வினத்துக்கு என்றும் சான்றாக நிற்பது.

ஜெர்டன் 1811ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள டர்ஹாம் கோட்டத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்காத்லாந்து எல்லைப்புறத்தைச் சார்ந்தவர். எடின்பரோ சர்வகலாசாலையில் ஜேம்ஸன் என்னும் ஆசிரியரிடம் இயற்கைநூல் பயின்றார். சார்லஸ் டார்வின் சில ஆண்டுகட்கு முன் அவ்வாசிரியரிடமே பாடங்கேட்டவர். பின்னர் ஜெர்டன் வைத்தியம் கற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜன் வேலையில் அமர்ந்து, 1836 பிப்ரவரியிற் சென்னை வந்து சேர்ந்தார். அந்நாளில் கம்பெனி வைத்தியர் பலர் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய பொழுதிற் செடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்து வந்தனர். அரசாங்கம் அதற்கெனச் சம்பளம் கொடுத்ததில்லை. ஆர்வமே ஊதியமாக உழைத்தவர்கள் அவர்கள்.

முதலில் அவர் கஞ்சம் பகுதிக்கு அனுப்பப்பெற்றார். ஆங்குப் படைவீரர் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திக்கொண்டிருந்தனர். அவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளைத் திரட்டலானார். 1837ல் திருச்சிராப்பள்ளியிலிருந்த 2ஆம் குதிரைப்படைக்கு மாற்றப்பெற்றார். இங்ஙனம் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்தோடும் நாடு அவர் வாழ்க்கையில் ஓரிடம் பெற்றது. அந்நாளில் திருமழபாடியை உள்ளிட்ட வட்டாரமும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சார்ந்ததே. பின்னர் அப்படையுடன் தக்காணத்து ஜால்னாவுக்குச் சென்று சுமார் நான்காண்டுகள் தங்கினார். கடற்கரை, ஆற்றுச் சமவெளி, மேட்டுநிலம், மலை என்ற நால்வகை நிலங்களிலும் பறவைகளைக் கண்டறியும் வாய்ப்பு இப்பணிமாற்றங்களால் இளமையிலேயே அவர்க்குக் கிட்டியது.

ஆனால் ஒரு பெருந்தடை முன்னின்றது. கையிலுள்ள பறவை ஏற்கனவே பெயர் பெற்றதா, புதியதா என்று துணிதற்கு வேண்டிய நூல்களும் ஒப்பிட வேண்டிய தோல்களும் ஐரோப்பாவில் இருந்தன; பறவைகளோ இந்தியாவில் இருந்தன. ஆகவே இந்நாட்டில் திரட்டுவோர் தம் திரட்டை அந்நாட்டுப் பெரியோர்க்கு அனுப்பி, அவர் சொல்லும் பெயருக்காகக் காத்திருத்தலே வழக்கமாயிருந்தது. ஜெர்டனும் தாம் அரிதின் முயன்று சேர்த்த தோல்களை ஸ்காத்லாந்திலிருந்த சர் வில்லியம் ஜார்டின் என்னும் புகழ்பெற்ற பறவைநூலார்க்குக் கப்பலேற்றினார். பெட்டிகள் நெடுங்கடல் கடந்து போய்ச் சேர்ந்தபொழுது தோல்களை அந்துப்பூச்சி அரித்திருந்தது.

இவ்விழப்பு அவருடைய வாழ்க்கையிற் பெருந்திருப்பமாயிற்று. மனந்தளர்ந்து தொழிலைக் கைவிடுவார் பலர். மீண்டும் பெட்டி கட்டி அனுப்பிக் காத்திருப்பார் சிலர். ஜெர்டன் இரண்டும் செய்திலர். உயிருள்ள பறவையை அதன் இருப்பிடத்திலேயே கண்டு, அதன் குரலும் நடையும் கூடும் அறிந்தவனுக்கே அதனைப் பிரித்தறியும் உரிமை உண்டென்று கருதியவர்போல, அதுமுதல் தம் சொந்தத் துணிபையே நம்பி எழுதத் தொடங்கினார். 1839, 1840ஆம் ஆண்டுகளில் சென்னை இலக்கியச் சங்கத்தாரின் பத்திரிகையில் இந்தியத் தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 420 இனங்கள் அதில் இடம்பெற்றன. கர்னல் ஸைக்ஸ் என்பார் 1832ல் வெளியிட்ட தக்காணத்துப் பட்டியலைக் காட்டிலும் அது ஏறத்தாழ இருமடங்கு பெரிது. அப்பொழுது ஜெர்டனுக்கு வயது முப்பதும் நிரம்பவில்லை.

அப்பட்டியலிலேயே பல பறவைகள் முதன்முதலாக நூற்பெயர் பெற்றன. நீலகிரிச் சோலைகளில் விட்டுவிட்டு ஒலிக்கும் நகைப்பொலியால் தன்னை அறிவிக்கும் சிரிப்பான் ஒன்றுண்டு. அதற்கு உரக்கச் சிரிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே அவர் பெயராக வைத்தார். தலையும் சிறகும் கருமையாய், உடல் செம்பொன்னிறமாய் ஒளிரும் சிறிய ஈப்பிடிப்பானுக்கும், நீலகிரியின் நீல ஈப்பிடிப்பானுக்கும், மேற்குமலைக் காடுகளின் சாம்பல்தலைக் கொண்டைக்குருவிக்கும் பெயரிட்டவர் அவரே. பாறைக் குன்றுகளில் வாழும் மஞ்சட்கழுத்துக் கொண்டைக்குருவிக்குப் பின்னர் 1845ல் பெயரிட்டார். இப்பெயர்களின் இரண்டாஞ்சொல் இன்றும் மாறாது வழங்குகின்றது. 1841ல் அவர் பிளோரா மக்ளியோட் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் மலைப்பூக்களிற் பற்றும் ஓவியத்திற் பயிற்சியும் உடையவர். உதகமண்டலத்திற் குடும்பத்தார்க்கு வீடு இருந்தமையின் நீலகிரித் தொடர்பு மேலும் வலுப்பெற்றது. தாவரநூல் வல்லாராகிய ராபர்ட் வைட் 1848ல் ஒரு மலைச்செடிக்கு ஜெர்டோனியா என்று பெயரிட்டமை இத்தொடர்பிற்கு ஓர் அடையாளம்.

பின்னர் ஜெர்டன் நெல்லூரில் சிவில் சர்ஜனாக அமர்ந்தார். அப்பகுதியில் யானாதிகள் என்னும் குடியினர் காட்டிலும் ஏரிக்கரையிலும் வேட்டையாடிப் பிழைத்து வந்தனர். எந்தப் பறவை எந்தப் புதரில் எந்த மாதத்தில் முட்டையிடும், எந்த ஒலிக்கு வரும், எந்தக் கண்ணியில் விழும் என்பவற்றை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். ஜெர்டன் அவர்களிடம் மாணவராகவே நடந்துகொண்டார். தம் நூல்களில் லத்தீன் பெயரோடு நில்லாமல், கிடைத்தவிடமெல்லாம் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பெயர்களையும் சேர்த்தெழுதினார். சென்னை அரசாங்கத்து உத்தியோகஸ்தராகிய வால்டர் எலியட் இத்துறையில் அவருக்கு உற்ற துணையாயிருந்தார். 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளிவந்த அவருடைய படநூலில் ஐம்பது வண்ணப்படங்கள் உள்ளன. இந்திய ஓவியர்கள் எழுதிய அப்படங்களை ஐரோப்பிய அறிஞரும் பாராட்டினர்.

நெல்லூருக்கும் கடப்பைக்கும் இடைப்பட்ட மலைச்சாரலில், முட்புதர்கள் ஐதாக வளர்ந்த கல்நிலத்தில், ஓர் அரிய பறவையை ஜெர்டன் பெற்றார். அது பறப்பதினும் ஓடுதலை விரும்புவது, இரவிலே இரைதேடுவது, மார்பில் இரண்டு பட்டைகளை மாலைபோல் உடையது. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் காட்சிசாலைக் காவலராயிருந்த எட்வர்ட் பிளித் என்பார் 1848ல் அதனை விவரித்து, இருமாலையுடையது என்னும் பொருளில் லத்தீன் பெயரிட்டார். உலக வழக்கில் அது ஜெர்டனின் ஓடுபறவை எனப் பெயர் பெற்றது. அப்பறவையின் பிற்கால வரலாற்றை இறுதியிற் கூறுவோம்.

முன்னர்க் கூறிய மூவிரற் காடையைப்பற்றி ஜெர்டன் அறிவித்த செய்தி வியக்கத்தக்கது. பெரும்பாலான பறவைகளுள் ஆணே பெருமிதமான நிறமும் போர்க்குணமும் உடையதாக, இவ்வினத்தில் பெண்ணே பெரியது, நிறஞ் சிறந்தது, ஒலியெழுப்பிப் போருக்கழைப்பது. ஆண்பறவை முட்டையை அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். தென்னாட்டு வேட்டுவர் பெட்டை ஒன்றனைக் கூண்டிலடைத்துப் புதரருகில் வைப்பர். அதன் குரல் கேட்டுப் போர்செய்ய ஓடிவரும் பிற பெட்டைகள் வலையில் அகப்படும். வேட்டுவர் அனுபவத்தால் அறிந்திருந்த இச்செய்தியை ஜெர்டன் எழுதி வைத்தார். அவர் நூலிலிருந்து அதனை எடுத்து, 1871ல் வெளியான மனிதன் தோற்றம் பற்றிய தம் நூலில் டார்வின் சான்றாகக் காட்டினார். தென்னாட்டுப் புதரோரத்துச் செய்தி ஒன்று உலகப் புகழ்பெற்ற நூலில் இங்ஙனம் இடம்பெற்றது.

நெல்லூரினின்றும் தலைச்சேரிக்குச் சென்ற ஜெர்டன், பறவைகளோடு நில்லாமல் எறும்புகளையும் ஆராய்ந்து, தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851ல் வெளியிட்டார். தத்திப் பாய்ந்து இரைபிடிக்கும் எறும்பு ஒன்றுக்கு அவர் அதில் இட்ட பெயர் இன்றும் ஆராய்ச்சிசாலைகளில் வழங்குகின்றது. மத்திய இந்தியாவிலும் பர்மாவிலும் படையுடன் பணியாற்றினார்; உடல்நலம் குன்றி டார்ஜீலிங்கில் ஓய்வு பெற்றபொழுது இமயமலைப் பறவைகளையும் நேரிற் கண்டார். இவ்வாறு நாடு முழுவதையும் ஒருவாறு கண்டறிந்த பின்னரே தம் பெருநூலைத் தொடங்கினார். வைசிராயாக இருந்த கானிங் பிரபு அம்முயற்சியை ஆதரித்து அவருக்குத் தனிப்பணி அளித்தார். இந்தியப் பறவைகள் என்னும் அந்நூல் 1862 முதல் 1864 வரை கல்கத்தாவில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களின் நிறம், அளவு, இருப்பிடம், உணவு, கூடு, நாட்டுப்பெயர் ஆகியவை அதில் ஒருங்கே அமைந்தன.

அந்நூலின் பயன் அளவிடற்கரியது. அதுவரை ஒரு பறவையின் பெயரை அறிய விரும்புவோன் பல தேசத்துப் பத்திரிகைகளைத் தேடியலைய வேண்டியிருந்தது. அதன்பின், தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் தனித்திருக்கும் தாசில் உத்தியோகஸ்தனும் கையிலுள்ள பறவையை அளந்து, நூலைப் புரட்டி, இன்னதென்று தானே துணியலாயிற்று. நாடெங்கும் பறவையறிவு பரவியது. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம், ஜெர்டன் இட்ட அடிப்படையின்மேல் நின்றே தம் பெருந்திரட்டைச் சேர்த்து, 1885ல் லண்டன் காட்சிசாலைக்கு வழங்கினார். அவர்க்குப்பின் ஓட்ஸ், பிளான்போர்டு, ஸ்டூவர்ட் பேக்கர் என்பாரும், நம் காலத்தில் சாலிம் அலியும் அவ்வழியே சென்று நூல்கள் இயற்றினர். பாலூட்டிகளைப்பற்றி ஜெர்டன் எழுதிய நூல் 1867ல் வெளிவந்தது.

எனினும் அவருடைய நூல் குறையற்றதன்று. அதனை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகுமன்று. பறவைகளைப் பெருங்குடும்பங்களாக அவர் அடுக்கிய முறை அக்காலத்துக் கொள்கையைத் தழுவியது. உருவொற்றுமையே அதற்குப் பெரிதும் ஆதாரம். மூவிரற் காடையைக் கோழி, கவுதாரி முதலியவற்றின் பக்கத்தில் வைத்தனர் அக்காலத்தார். உயிரணுவிலுள்ள மரபுப்பொருளை ஆராயும் இக்காலத்தார், அது கடற்கரைப் பறவைகளோடும் ஆள்காட்டியோடும் ஒரே வரிசையிற் சேர்வதெனக் கண்டுள்ளனர். ஜெர்டனின் ஓடுபறவையும் அவ்வரிசையினதே. அடுக்குமுறை மாறியது, ஆனால் கண்ணாற் கண்டு அவர் எழுதிய செய்தி மாறவில்லை. கொள்கை காலந்தோறும் புதுப்பிக்கப்படும். உண்மையான குறிப்போ எக்கொள்கைக்கும் உதவும்.

மற்றொரு குறையும் உண்டு. அது ஜெர்டன் ஒருவருடையதன்று; அக்காலத்தின் பொதுக்குறை. பறவையைக் கண்ணிவைத்துப் பிடித்தவர் யார், தோலுரித்துப் பதப்படுத்தியவர் யார், எத்தனை யானாதிகள் அவருடன் காட்டில் நடந்தனர் என்பதெல்லாம் நூலேறவில்லை. பறவைக்குப் பெயர் கிடைத்தது. அதனைக் கொணர்ந்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. பெயரிடுதலையே தொழிலாகக் கொண்ட ஒரு நூல்வழக்கில் இவ்வளவு பெயர்கள் விடுபட்டமை வருந்தத்தக்கதே. அவர் தொகுத்துவைத்த நாட்டுப்பெயர்களின் வாயிலாகவே அம்மக்களின் அறிவு ஓரளவு நமக்கு எட்டுகின்றது.

1868ல் பணியினின்றும் ஓய்வுபெற்ற பின்னும் ஜெர்டன் உடனே தாய்நாடு திரும்பினாரில்லை. அஸ்ஸாம் முதலிய இடங்களில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கௌஹாத்தியில் கடுங்காய்ச்சல் கண்டு, 1870ல் இங்கிலாந்து சென்றார். உடல் மீண்டும் தேறவில்லை. 1872ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் லண்டனையடுத்த அப்பர் நார்வுட் என்னுமிடத்தில் காலமானார். அவ்வாண்டிலேயே ஹியூம் இந்தியப் பறவைகளுக்கெனத் தனிப்பத்திரிகை தொடங்கினார். தொடங்கியவர் மறைந்தபொழுது தொழில் மறையவில்லை என்பதற்கு இது சான்று.

இனி அவ்வோடுபறவையின் கதையைக் கூறுவோம். 1900ஆம் ஆண்டிற்குப் பின் அதனைக் கண்டார் எவருமிலர். தேடியவர்கள் வெறுங்கையராய்த் திரும்பினர். அழிந்தொழிந்தது என்றே பலர் எண்ணினர். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அப்பறவையின் படத்தைக் காட்டிக் கடப்பை மாவட்டத்துச் சிற்றூர்களில் விசாரித்து வந்தனர். 1986 ஜனவரியில் ஐதன்னா என்னும் அவ்வூர்ப் பறவைவேட்டுவர் அதனை உயிரோடு பிடித்தார். சங்கத்தின் ஆராய்ச்சியாளர் பாரத் பூஷண் அதனைப் பார்த்து உறுதிசெய்தார். அது வாழ்ந்த லங்கமலைக் காடு பின்னர்ச் சரணாலயமாயிற்று. இன்றும் அது மிக அபாயகரமான நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலிலேயே இருக்கின்றது. 1848ல் இட்ட பெயரும் எழுதிய விவரமும் இல்லையாயின், எதனைத் தேடுவது என்றே ஒருவரும் அறிந்திரார். வேட்டுவர் ஒருவரின் கூர்ந்த கண் இல்லையாயின், அப்பெயர் வெறும் பெயராகவே நின்றிருக்கும். நூலறிவும் நாட்டறிவும் கூடினமையாலேயே இழந்த பறவை மீண்டது. இம்முறை வேட்டுவரின் பெயரும் ஏட்டிலேறியது.

திருமழபாடி வட்டாரத்து மாணவர்க்கு இத்தொழில் எட்டாத தொலைவில் இல்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 2024ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்கள் குளிர்காலத்தில் அங்கு வந்து தங்குகின்றன. இந்தியாவில் இன்று கணக்கிடப்பெறும் பறவையினங்கள் 1,300க்கு மேற்பட்டவை. அவற்றுள் பலவற்றின் ஊர்ப்பெயர்களும் வழக்கங்களும் முதியோர் நாவிலன்றி வேறெங்கும் பதியப்பெறவில்லை. கண்ட பறவையை நாளும் இடமும் குறித்து எழுதுங்கள். ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டெழுதுங்கள். சொன்னவர் பெயரையும் மறவாது எழுதுங்கள். ஜெர்டன் செய்ததைத் தொடர்தலும், அவர் காலம் விட்டதை நிரப்புதலும் அதனால் ஒருங்கே நிறைவேறும்.